காதியின் முன் நம் சகோதரிகள்: ஆண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை முஸ்லிம்களின் திருமணமும் மணவிலக்கும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. அந்தச் சட்டம் பெண்களுக்கு அநீதி செய்கிறது, அதைத் திருத்த வேண்டும் என்று நான் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து, பள்ளிவாசல் முற்றத்திலும் கல்யாண வீடுகளிலும் பயணங்களிலும் ஆண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளே இங்கே உள்ளன. நான் சட்டத்தரணியும் அல்லன், மார்க்க அறிஞனாகிய ஆலிமும் அல்லன். கணவனின் குற்றத்தைக் காட்டி மணவிலக்குக் கோரும் பஸஹ் வழக்குக்காக என் தங்கையோடு, முஸ்லிம் திருமண வழக்குகளைக் கேட்கும் காதியின் நீதிமன்றத்துக்குப் பல மாதங்கள் போய்வந்தவன். கேட்டவர்களில் பெரும்பாலோர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதால், பதில்களையும் அந்த மரியாதையோடு எழுதியிருக்கிறேன்.

பாதிக்கப்படுவது பெண்கள், அவர்கள் பேசட்டும். ஆண்களாகிய நாம் எதற்காக இதில் தலையிட வேண்டும்?

பெண்கள் பேசாமல் இல்லை. கொழும்பில் 1980களிலிருந்தும், பின்னர் புத்தளம், மட்டக்களப்பு, மன்னார் போன்ற இடங்களிலிருந்தும் முஸ்லிம் பெண்கள் இதைப் பேசியும் எழுதியும் வருகிறார்கள். அதற்காக அவர்கள் கேட்ட ஏச்சுப் பேச்சுகளில் பத்தில் ஒரு பங்கை எந்த ஆணும் கேட்டிருக்க மாட்டான்.

ஆனால் இந்தச் சட்டத்தில் ஆண் வெளியே நிற்கவில்லை. அதன் ஒவ்வொரு வாசலிலும் அவனே நிற்கிறான். நிகாஹ் எனும் திருமண ஒப்பந்தத்தில் பெண்ணுக்காக ஒப்பமிடும் பொறுப்பாளரான வலி ஓர் ஆண். காதியாக நியமிக்கப்படுபவர் முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. பஸஹ் விசாரணையில் காதியோடு அமரும் மூன்று ஜூரிமாரும் ஆண்கள். மேன்முறையீட்டைக் கேட்கும் காதிமார் சபையின் ஐந்து உறுப்பினர்களும், சட்டத்தின் சொல்லின்படியே, ஆண்கள். ஊரில் சமரசம் பேச வரும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் ஆண்களே. ஆகவே இதில் தலையிடலாமா என்ற கேள்விக்கு இடமே இல்லை. நாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறோம். உள்ளே இருந்துகொண்டு என்ன செய்கிறோம் என்பதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலாக், பஸஹ், குல்உ என்று எல்லாருக்கும் வழி இருக்கிறதே. சட்டத்தில் அநீதி எங்கே இருக்கிறது?

வழிகள் இருப்பது உண்மை: தலாக் கணவன் சொல்லும் மணவிலக்கு, பஸஹ் மனைவி காரணம் காட்டிக் கோருவது, குல்உ கணவன் கொடுத்த மணக்கொடையான மஹரைத் திருப்பிக் கொடுத்து அவள் பிரிவது. அந்த வழிகளின் நீளமும் மேடுபள்ளமும் ஒன்றல்ல.

கணவன் மணவிலக்கு விரும்பினால் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி நடக்கிறான். தன் எண்ணத்தைக் காதிக்கு அறிவிக்கிறான். காதி சமரசத்துக்கு முயல்கிறார். 30 நாட்கள் கழிந்தும் அவன் மனம் மாறவில்லை என்றால், காதியின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் தலாக் சொல்கிறான். உரிய தவணை கழிந்ததும் அது பதியப்படுகிறது. இதில் அவன் எந்தக் காரணத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மனைவி நேரில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அவள் வராவிட்டால் அறிவித்தல் அனுப்பப்படும், அவ்வளவுதான்.

மனைவி மணவிலக்கு விரும்பி, கணவன் அதற்கு இணங்காவிட்டால், மூன்றாம் அட்டவணைப்படி பஸஹ் கோர வேண்டும். கணவன் கொடுமை செய்தான், அல்லது மார்க்கச் சட்டத்தின்படி குற்றமாகும் ஒன்றைச் செய்தான் அல்லது செய்யத் தவறினான் என்று அவள் நிறுவ வேண்டும். மூன்று ஜூரிமாரின் முன் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். மூடிய கதவுக்குப் பின்னால் இரவு 11 மணிக்கு விழுந்த அடிக்கு யார் சாட்சி? பெரும்பாலும் அதைப் பார்த்தவை குழந்தைகளின் கண்கள் மட்டுமே. எல்லாத் தவணைகளையும் தாண்டி அவளுக்குத் தீர்ப்புக் கிடைத்தாலும், கணவன் காதிமார் சபைக்கு மேன்முறையீடு செய்து இன்னும் காலத்தை இழுக்க முடியும். கிழக்கிலிருந்து கொழும்புக்கு இரவுப் பேருந்தில் கைக்குழந்தையோடு போய்வருவது எவ்வளவு பெரிய செலவு என்பதை, அந்தச் செலவைச் செய்யாதவர்களால் உணர முடியாது.

இதோடு, காதி நீதிமன்றத்தில் எந்தத் தரப்புக்காகவும் சட்டத்தரணி தோன்ற முடியாது என்ற விதியும் உண்டு. ஏழைகளுக்குச் செலவு குறையட்டும் என்ற நல்ல எண்ணத்தில் அது வந்திருக்கலாம். நடைமுறையில், பேசப் பழகிய ஆணும் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்ணும் துணையின்றி எதிரெதிரே நிறுத்தப்படுகிறார்கள்.

காதி நீதிமன்றத்தில் உண்மையில் என்ன நடக்கிறது? நாங்கள் போனதில்லை.

எல்லாக் காதிமாரும் ஒரே மாதிரி இல்லை. இரவு பகல் பாராமல், கைக்காசைச் செலவழித்துக் குடும்பங்களைச் சேர்த்துவைத்த நல்ல மனிதர்களும் அந்தப் பதவியில் இருந்திருக்கிறார்கள். நாட்டில் சுமார் 65 காதி நீதிமன்றங்கள் உள்ளன. அவற்றை நடத்துபவர்கள் முழுநேர நீதிபதிகள் அல்லர். சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அவர்களுக்கு இல்லை. பல ஊர்களில் அதற்கென்று ஒரு கட்டடம்கூடக் கிடையாது.

நான் கண்டதைச் சொல்கிறேன். வார இறுதியில் ஒரு பாடசாலையின் வகுப்பறையில் அமர்வு நடந்தது. கரும்பலகையில் வெள்ளிக்கிழமை எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு அழிக்கப்படாமல் இருந்தது. சிறுவர்கள் அமரும் தாழ்ந்த வாங்கில் என் தங்கை முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதியும் ஜூரிமாரும் ஆசிரியர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். அவளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் காதி என்னைப் பார்த்துக் கேட்டார். அவள் வாய் திறந்தபோது, "மகன், நீங்க சொல்லுங்க" என்றார். நான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் திரும்பிப் பார்த்தபோது அவள் தன் முந்தானை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அன்று நான் பேச்சை நிறுத்தி, "அவள்தான் சொல்ல வேண்டும்" என்று கூறியிருக்க வேண்டும். கூறவில்லை. அடுத்த தவணையில்தான் கூறினேன்.

அந்த அடுத்த தவணையில், அறையில் எட்டு ஆண்கள் இருக்க, கணவன் எந்தக் கையால் அடித்தான், எத்தனை தடவை அடித்தான், அதற்கு முன் நீ என்ன சொன்னாய் என்று ஒரு ஜூரி கேட்டார். கடைசிக் கேள்வியில் ஒரு தீர்ப்பு இருந்தது. முடிவில் காதி மறுபடியும் என்னிடமே திரும்பி, "தங்கச்சிக்கிட்டக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க, பிள்ளைட முகத்தப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். அதே காலையில், எங்களுக்கு முன் வந்த ஒருவர் தலாக் சொல்லிவிட்டுப் போக, வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் சூடு ஆறும் நேரம்கூட ஆகவில்லை. அவருடைய மனைவி அங்கே இல்லை.

பொறுமையைப் போதிப்பது மார்க்கம்தானே என்று இதைக் கேட்ட ஒரு பெரியவர் சொன்னார். அவருக்கு நான் பரீராவின் செய்தியை நினைவூட்டினேன். பரீரா விடுதலையடைந்த அடிமைப் பெண். தன் கணவர் முகீதைப் பிரிய முடிவு செய்தபோது அவர் மதீனாவின் தெருக்களில் அழுதுகொண்டு அவள் பின்னால் நடந்தார். நபி (ஸல்) அவர்கள், "நீ அவரிடம் திரும்பக் கூடாதா?" என்று கேட்டார்கள். "இது கட்டளையா?" என்று அவள் கேட்டாள். "இல்லை, பரிந்துரைதான்" என்றார்கள். "அப்படியென்றால் எனக்கு அவர் தேவையில்லை" என்றாள். அதோடு விடயம் முடிந்தது. புகாரியில் உள்ள இந்தச் செய்தியில், ஒரு பெண்ணின் "வேண்டாம்" எவ்வளவு மரியாதையோடு கேட்கப்படுகிறது என்பதை நம் சமரச சபைகளில் அமர்பவர்கள் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

பஸஹ் கடினம் என்றால் குல்உ வாங்கிக்கொள்ளலாமே?

ஸாபித் பின் கைஸின் மனைவி நபியவர்களிடம் வந்து, கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை சொல்லவில்லை, ஆனால் அவரோடு வாழ முடியவில்லை என்றார். மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதமா என்று மட்டும் நபியவர்கள் கேட்டார்கள். அவர் சம்மதித்ததும், தோட்டத்தை ஏற்றுக்கொண்டு விட்டுவிடும்படி கணவரிடம் கூறினார்கள். இரண்டு சாட்சி எங்கே என்று கேட்கவில்லை.

இங்கே நடைமுறையில் குல்உ என்பது பெரும்பாலும் கணவனின் இணக்கத்தில் தொங்குகிறது. இணங்குவதற்கு அவன் விலை பேசுகிறான். மஹராகக் கொடுத்தது சில ஆயிரமாக இருக்க, விடுதலைக்கு வீடும் நகையும் கேட்கப்படுகின்றன. பிள்ளைகளின் தாபரிப்பை (வாழ்க்கைச் செலவுத் தொகையை) விட்டுக்கொடுத்தால் கையெழுத்து வைப்பதாகச் சொல்பவர்களும் உண்டு. இது குல்உ ஆகாது. பெண்ணைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு தடுத்து வைக்காதீர்கள் என்று அல்பகரா 231ஆம் வசனம் தடுப்பது இதைத்தான்.

இது அல்லாஹ்வின் சட்டம். மனிதர்கள் எப்படித் திருத்தலாம்?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. அச்சத்தோடு கேட்கப்படும் கேள்வியும் இதுவே. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது என்னிடமும் இருந்தது.

முதலில் நம் கையில் உள்ள சட்டத்தின் பிறப்பைப் பார்ப்போம். ஒல்லாந்தர் காலத்தில் இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு தொகுப்பை அடிப்படையாக வைத்து, ஆங்கிலேயர் 1806இல் ஒரு முகம்மதியச் சட்டக் கோவையை வெளியிட்டார்கள். 1929இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1951இன் சட்டம் நாடாளுமன்றத்தில் இயற்றப்பட்டு, 1954இல் நடைமுறைக்கு வந்தது. காலனி அதிகாரியும், பின்னர் நாடாளுமன்றமும் எழுதிய வாசகங்களுக்கு வஹீயின் (இறைச்செய்தியின்) அந்தஸ்தைக் கொடுப்பது அல்லாஹ்வின் சட்டத்தைக் கௌரவிப்பதாகாது. காதிக்கு 30 நாள், ஜூரிக்கு மூன்று பேர், சட்டத்தரணிக்குத் தடை என்பனவெல்லாம் நிர்வாக ஏற்பாடுகள். அவற்றை மனிதர் வைத்தார்கள், மனிதர் மாற்றலாம்.

அடுத்து, குர்ஆன் சொல்வதைப் பார்ப்போம். தலாக்கைப் பற்றிய வசனங்களின் மொத்தப் போக்கும் ஆணின் கையைக் கட்டுவதாகவே இருக்கிறது. நல்ல முறையில் வைத்துக்கொள், இல்லையேல் அழகிய முறையில் விட்டுவிடு என்கிறது அல்பகரா 229. பிணக்கு என்றால் கணவனின் குடும்பத்திலிருந்து ஒருவரையும் மனைவியின் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவர்களாக அனுப்பச் சொல்கிறது அந்நிஸா 35. நேர்மையான இரண்டு சாட்சிகளை வைக்கச் சொல்கிறது அத்தலாக் 2. தலாக் சொல்லப்பட்ட பெண்களுக்கு நியாயமான முறையில் வசதி செய்து கொடுப்பது இறையச்சம் உடையோர்மீது கடமை என்கிறது அல்பகரா 241. இந்தக் கடைசி வசனம் சொல்லும் வசதி, அதாவது மதாஉ, நம் சட்டத்தின் எந்த அட்டவணையிலும் ஒரு உரிமையாக எழுதப்படவில்லை. இருபத்தைந்து வருடம் சமைத்துப் போட்டு, பிள்ளைகளை வளர்த்த பெண், இத்தாக் காலத்தின் (மணவிலக்குக்குப் பின் மறுமணத்துக்கு முன் அவள் காத்திருக்கும் காலத்தின்) தாபரிப்போடு வெளியே அனுப்பப்படுகிறாள். அல்லாஹ்வின் சட்டத்தைத் தொடாதே என்று சொல்கிறவர்கள், அல்லாஹ்வின் சட்டத்தில் உள்ள இதை ஏன் சேர்க்கவில்லை என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நம் மத்ஹபை (ஹனபி, மாலிகி, ஷாபிஈ போன்ற மார்க்கச் சட்ட மரபுகளில் ஒன்றை) விட்டு விலகுவதாகுமோ என்ற கவலைக்கும் ஒரு பதில் உண்டு. பிரித்தானிய இந்தியாவில் ஹனபி சட்டத்தின் கீழ் பெண்ணுக்குப் பிரிவு கிடைப்பது மிக அரிதாக இருந்தது. கணவன் காணாமற்போனாலும் கொடுமை செய்தாலும் வழியில்லாமல், பஞ்சாபில் சில பெண்கள் திருமணத்தை முறிப்பதற்காகவே மதம் மாறிய நிலை வந்தது. அப்போது மௌலானா அஷ்ரப் அலி தானவி, தேவ்பந்தின் மிகப் பெரிய ஹனபி அறிஞர்களில் ஒருவர், மாலிகி மத்ஹபின் தீர்ப்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்று 1930களில் விரிவாக எழுதினார். காஸி முகம்மது அகமது காஸ்மி என்ற உறுப்பினர் மத்திய சட்டசபையில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் பிறந்தது. இரண்டு ஆண்டு தாபரிப்புக் கொடுக்காத கணவனிடமிருந்தும், நான்கு ஆண்டு தகவலின்றிப் போனவனிடமிருந்தும், கொடுமைக்காரனிடமிருந்தும் நீதிமன்றத்தின் மூலம் பிரியும் உரிமையை அது கொடுத்தது. தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்கள் இன்றும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வழக்குத் தொடுக்கிறார்கள். அதைச் செய்தவர்கள் மேற்கத்தியவாதிகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மற்ற முஸ்லிம் நாடுகள் இப்படிச் செய்திருக்கின்றனவா?

பல செய்திருக்கின்றன. எகிப்து 1929இலேயே ஒரே அமர்வில் சொன்ன முத்தலாக்கை ஒன்றாகக் கணக்கிட்டது. 2000ஆம் ஆண்டில், கணவன் மறுத்தாலும் நீதிமன்றம் குல்உ கொடுக்கலாம் என்று சட்டம் செய்தது. துனீசியா 1956இல் மணவிலக்கு நீதிமன்றத்தில் மட்டுமே நடக்கும் என்றது. பாகிஸ்தானின் 1961ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அறிவித்தலும் 90 நாள் தவணையும் வைத்தது. மலேசியா 2010இல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகளை நியமித்தது. இந்தோனேசியாவின் மார்க்க நீதிமன்றங்களில் அதற்கு முன்பிருந்தே பெண்கள் தீர்ப்புச் சொல்லி வருகிறார்கள்.

நம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியாவின் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. நிகாஹ் முடிந்ததும் மாப்பிள்ளை, திருமணப் புத்தகத்தில் அச்சிட்டுள்ள வாசகத்தைச் சபையில் வாசிக்கிறார்: நான் இரண்டு ஆண்டு இவளை விட்டுப் போனாலோ, மூன்று மாதம் செலவுக்குக் கொடுக்காவிட்டாலோ, இவளுடைய உடலை நோகச் செய்தாலோ, ஆறு மாதம் கவனியாமல் விட்டாலோ, இவள் நீதிமன்றத்தில் முறையிட்டு அது ஏற்கப்பட்டால், சிறு ஈடு ஒன்றைச் செலுத்தியதும் ஒரு தலாக் நிகழும். மாலை சூடிய மாப்பிள்ளை, மாமனார் முன்னிலையில், தன் வாயாலேயே அதைச் சொல்கிறார். மத்ஹபை விட்டு ஓரடிகூட வெளியே போகாமல் இதைச் செய்திருக்கிறார்கள்.

இதற்காக முன்வந்த முஸ்லிம் ஆண்கள் யாராவது உண்டா?

இலங்கையில், 2009இல் நீதி அமைச்சர் மிலிந்த மொரகொட நியமித்த குழுவுக்கு உயர் நீதிமன்ற நீதியரசர் சலீம் மர்சூப் தலைமை தாங்கினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2018 சனவரியில், அறிக்கை கையளிக்கப்பட்டபோது குழு இரண்டாகப் பிளந்திருந்தது. மர்சூப்பின் பக்கம் நின்றவர்கள் திருமண வயதை 18 ஆக்குவது, பெண்களையும் காதியாக நியமிப்பது போன்ற மாற்றங்களைப் பரிந்துரைத்தார்கள். பின்னர் நீதி அமைச்சராக இருந்த அலி சப்ரி, சமூகத்துக்குள் கடும் எதிர்ப்பு இருந்தபோதும் திருத்தத்தை அமைச்சரவை வரை கொண்டுசென்றார்.

இந்தியாவில் சமூகச் சீர்திருத்தவாதி ஹமீத் தல்வாய் 1966இல் பம்பாயில் ஏழு முஸ்லிம் பெண்களோடு ஊர்வலம் போனார். அவர்களுடைய கோரிக்கைகளில் முத்தலாக்கை ஒழிப்பது முக்கியமானது. அவருடைய வேறு சில கருத்துகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஏழு பேருடன் தெருவில் நடந்த துணிவை மதிக்கிறேன். ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் நீதிபதி பஹாருல் இஸ்லாம். குவாஹாட்டி உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில், தலாக்குக்கு நியாயமான காரணம் வேண்டும், அதற்கு முன் இரு குடும்ப நடுவர்கள் மூலம் சமரசம் முயலப்பட்டிருக்க வேண்டும் என்று, குர்ஆனை முன்வைத்தே தீர்ப்பெழுதினார். பின்னர், 2002இல், இந்திய உச்ச நீதிமன்றம் ஷமீம் ஆரா வழக்கில் அந்த நிலைப்பாட்டை ஏற்றது.

இந்த நேரத்தில் பேசினால் நம் எதிரிகளுக்கு வாய் கொடுத்ததாகாதா?

2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம்களின் எல்லாமே சந்தேகத்தோடு பார்க்கப்பட்டன. உடை, உணவு, மதரசா எல்லாவற்றோடும் இந்தச் சட்டமும் தொலைக்காட்சி விவாதங்களில் இழுக்கப்பட்டது. 2021இல் "ஒரே நாடு, ஒரே சட்டம்" என்ற பெயரில் சனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டு, அதற்கு ஞானசார தேரர் தலைவராக்கப்பட்டார். முஸ்லிம் விரோதப் பேச்சால் அறியப்பட்டவர் கையில் முஸ்லிம் பெண்களின் நீதி ஒப்படைக்கப்பட்டால் சமூகம் அஞ்சத்தான் செய்யும். அந்த அச்சம் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன்.

இருந்தாலும் ஒன்றைக் கேட்கிறேன். 2009இல் குழு அமைக்கப்பட்டபோது இந்தச் செயலணி இல்லை. அதற்கு முன்பும் இல்லை. அப்போது, "போர் முடியட்டும், தேர்தல் முடியட்டும், நம் ஒற்றுமை குலையக் கூடாது" என்றார்கள். உகந்த நேரம் என்று ஒன்று எந்தத் தசாப்தத்திலும் வரவில்லை. நாமே நேர்த்தியாகச் செய்து முடித்திருந்தால், வெளியிலிருந்து விரல் நீட்ட யாருக்கும் இடம் இருந்திருக்காது.

காதி நீதிமன்றங்களை ஒழித்துவிட வேண்டும் என்கிறீர்களா?

இதில் சீர்திருத்தம் கேட்பவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 2021இல் அமைச்சரவை எடுத்த முடிவுகளில் காதி முறையை நீக்குவதும் இருந்தது. என் கருத்து வேறு. ஊருக்கு அருகில், தமிழில், குறைந்த செலவில், மார்க்கம் தெரிந்த ஒருவர் முன் வழக்கைச் சொல்ல முடிவது ஏழைப் பெண்ணுக்கும் உதவி. ஆனால் காதி சட்டத் தகுதி உடையவராக, உரிய சம்பளம் பெறுபவராக இருக்க வேண்டும். பெண்ணும் அந்த ஆசனத்தில் அமர முடிய வேண்டும். விரும்பியவர் சட்டத்தரணியை வைத்துக்கொள்ள முடிய வேண்டும். தீர்ப்பு எழுத்தில் கிடைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்ப்பேன். இரண்டு முஸ்லிம்கள் நாட்டின் பொது விவாகச் சட்டத்தின் கீழ் தங்கள் திருமணத்தைப் பதிய முடியாது. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு அந்தத் தெரிவு உண்டு, நமக்கு இல்லை. அத்துடன் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. ஆகவே ஒரு முஸ்லிம் பெண், இந்தச் சட்டம் என்னைச் சமமாக நடத்தவில்லை என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும் கதவு மூடியே இருக்கிறது. விரும்பி ஏற்பதும் வேறு வழியில்லாமல் ஏற்பதும் ஒன்றாகாது.

அமைச்சரவை முடிவெடுத்தது என்றால் சட்டம் மாறிவிட்டதா?

இல்லை. முடிவுகள் எடுக்கப்பட்டன, வரைவுகள் தயாராயின, ஆலோசனைக் குழுக்கள் அமர்ந்தன. 2023இல் முஸ்லிம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் முக்கியமான மாற்றங்களை எதிர்த்து நீதி அமைச்சருக்குக் கடிதம் கொடுத்தார்கள். 2024 முடியும்வரை திருத்தம் நிறைவேறவில்லை. 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்தைக்கூடக் காதி அனுமதித்தால் பதியலாம் என்ற பிரிவு அப்போதும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. நாட்டின் மற்றப் பெண் பிள்ளைகளுக்கு 1995இலேயே 18 என்று வயது வைக்கப்பட்டுவிட்டது.

ஆண்களும் பாதிக்கப்படுகிறார்களே? பெண்களுக்கு உரிமை கொடுத்தால் தவறாகப் பயன்படுத்த மாட்டார்களா?

பொய் வழக்குப் போடும் பெண்ணும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதற்கும் தகுதியுள்ள நீதிபதியும், எழுத்துத் தீர்ப்பும், சட்டத்தரணியும்தான் தேவை. நல்ல நீதிமன்றம் நேர்மையான ஆணையும் காக்கும். தவறாகப் பயன்படுத்தப்படும் என்ற காரணத்துக்காக ஓர் உரிமையை மறுப்பதாக இருந்தால், முதலில் பறிக்கப்பட வேண்டியது தலாக்கின் உரிமைதான்.

சட்டம் மாறும்வரை ஒரு சாதாரண ஆணால் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். மகளுக்கு வலியாக நிற்கும் வாப்பாவிலிருந்து தொடங்குகிறேன். நிகாஹ் பதிவில் மணப்பெண்ணின் ஒப்பத்தைச் சட்டம் கேட்பதில்லை. மாப்பிள்ளையும் வலியும் ஒப்பமிட்டால் போதும். என் மகளின் நிகாஹ் அன்று பதிவுப் புத்தகத்தைப் பார்த்தபோது, அவளுடைய வாழ்க்கையைப் பற்றிய அந்தத் தாளில் அவளுடைய எழுத்தில் ஓர் எழுத்தும் இல்லை. நாங்கள் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதியிருந்தோம். மஹர், படிப்பைத் தொடர்வது, தனி வீடு, பிணக்கு வந்தால் யார் யார் நடுவர் என்பது வரை அதில் இருந்தது. அதில் முதல் ஒப்பம் அவளுடையது. மாப்பிள்ளையின் வாப்பா முதலில் முகம் சுளித்தார். தனக்கும் இரண்டு மகள்மார் இருப்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, பிறகு ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கைக்கூலியாக (பெண் வீட்டார் கொடுக்கும் சீதனமாக) பணமோ நகையோ கொடுத்தால் அதைப் பதிவில் எழுதுங்கள். மாப்பிள்ளையிடம் கொடுக்கப்பட்டாலும் அது பெண்ணுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் பார்க்கிறது. எழுதப்பட்டிருந்தால் பிரியும்போது காதியிடம் கேட்டு வாங்கலாம். எழுதாமல் உறையில் வைத்துக் கொடுத்ததை நிரூபிக்க முடியாமல் நின்ற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். கொடுக்காமலே இருப்பது இன்னும் நல்லது.

ஜூரியாக அழைக்கப்பட்டால், விசாரணைக்குத் தேவையில்லாத கேள்வியை இன்னொருவர் கேட்கும்போது, "இது தேவையில்லை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அந்த அறையில் எவ்வளவு பெரியது என்பது எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணுக்குத் தெரியும். பள்ளிவாசல் நிர்வாக சபையில் இருந்தால், பிணக்குகளைப் பேச ஒரு பெண்ணையும் அமர்த்தக் கேளுங்கள். சகோதரியோடு காதியிடம் போனால், அவளைப் பேச விடுங்கள். திகதி, ரசீது, வைத்தியசாலைச் சீட்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி ஆகியவற்றை ஒரு கோவையில் அடுக்கிக் கொடுப்பதே உங்களுடைய வேலை. தாபரிப்பு உத்தரவைக் கணவன் மதிக்காவிட்டால், அதை அறவிடுவதற்கு நீதவான் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். அந்த அலைச்சலில் துணை நிற்பதும் நம்மால் முடிந்த காரியம்.

என் நண்பன் மனைவிக்குத் தலாக் சொல்லப் போகிறான். அவனிடம் நான் என்ன சொல்வது?

கோபத்தில் இருக்கிறான் என்றால் இன்று எதுவும் செய்யாதே என்று சொல்லுங்கள். இரு குடும்பத்திலும் ஒவ்வொருவரை அமர்த்தினாயா என்று கேளுங்கள். அமர்த்தியும் முடியவில்லை, பிரிவது உறுதி என்றால், தொலைபேசியில் செய்தி அனுப்பித் தலாக் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரே மூச்சில் மூன்று சொல்ல வேண்டாம் என்று தடுங்கள். காதியிடம் முறைப்படி அறிவிக்கட்டும்; அவளையும் அழைக்கட்டும். கொடுக்காமல் வைத்திருக்கும் மஹரையும் வாங்கிய கைக்கூலியையும் காதி உத்தரவிடும்வரை காத்திராமல் எண்ணிக் கொடுக்கட்டும். இத்தாச் செலவைக் கொடுக்கட்டும். பிள்ளைகளின் தாபரிப்பை மாதத் திகதி குறித்து எழுதிக் கொடுக்கட்டும். மதாஉ பற்றிச் சட்டத்தில் இல்லையே என்று அவன் சொன்னால், அல்பகராவின் 241ஆம் வசனத்தைத் திறந்து அவன் கையில் கொடுங்கள், அவனே வாசிக்கட்டும்.